பற்றலும் நழுவலும்: மோட்டார் வாகனக் கிளச்சின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மோட்டார் வாகனத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் எந்திரத்துக்கு அளித்த இடத்தை அதன் பின்னால் மறைந்து நிற்கும் கிளச்சுக்கு அளித்தாரல்லர். எந்திரத்தின் ஆற்றலைக் குதிரை வலுவில் எண்ணிப் பெருமைப்படலாம். கிளச்சுக்கு அவ்வாறு பெருமைப்படத்தக்க எண் எதுவுமில்லை. அது செவ்வனே தொழிற்படும் வரை சாரதி அதனை நினைப்பதில்லை. நினைக்கத் தொடங்கும் வேளையில் அது பெரும்பாலும் தேய்ந்து முடிந்திருக்கும். ஆயினும், வாகனத்தின் வலுவைக் கூட்ட முனைந்த ஒவ்வொருவரும் ஈற்றில் இவ்வுறுப்பிடமே வந்து நிற்க வேண்டியதாயிற்று. தொழிற்சாலை பொருத்தி அனுப்பிய கிளச்சைக் கழற்றிவிட்டு, அதனிலும் இறுகப் பற்றும் வேறொன்றைத் தேடிப் பொருத்தும் வழக்கம் எவ்வாறு தோன்றிற்று, அத்தேட்டத்துக்கு யார் யார் எவ்விலையைக் கொடுத்தனர் என்பனவே இக்கட்டுரையின் பொருளாகும்.

நீராவி எந்திரம் நின்ற நிலையிலிருந்தே முழு விசையுடன் இழுக்க வல்லது. ஆதலால் அதற்குக் கிளச் வேண்டப்படவில்லை. பெற்றோல் எந்திரமோ குறித்த ஒரு வேகத்துக்குக் கீழே சுழன்றால் நின்றுவிடும். சுழன்றுகொண்டிருக்கும் எந்திரத்தை நின்றுகொண்டிருக்கும் சில்லுகளுடன் இணைப்பது எவ்வாறு என்பதே முதல் வாகனங்களைச் செய்தோர் எதிர்கொண்ட வினா. இரண்டையும் ஒரே கணத்தில் பிணைத்தால் எந்திரம் நின்றுபோகும். அன்றேல் இடையிலுள்ள ஏதோ ஒன்று முறிந்துபோகும். எனவே சிறிது நேரம் நழுவி, அந்நழுவலின் ஊடே வேகத்தை ஒப்படைத்து, ஈற்றில் அசையாது பற்றிக்கொள்ளும் ஓர் உறுப்பு வேண்டியதாயிற்று. நழுவுதலும் பற்றுதலும் ஒன்றுக்கொன்று மாறானவை. இவ்விரண்டையும் ஒரே சோடி மேற்பரப்புகளிடம் எதிர்பார்ப்பதிலேதான் கிளச்சின் சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது.

நழுவல் வெப்பமாகின்றது. 1,200 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார் மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தை அடையும்போது அது பெறும் இயக்கச் சத்தி 15,000 யூல் ஆகும். எந்திரம் மாறா வேகத்தில் சுழல, கிளச் நழுவி நழுவி அவ்வேகத்தைக் கொடுத்ததெனக் கொண்டால், வீதியின் தடையை நீக்கிப் பார்க்குமிடத்து, அதே 15,000 யூல் கிளச்சின் மேற்பரப்பில் வெப்பமாகக் கழிகின்றது. விலையுயர்ந்த கிளச்சைப் பொருத்துவதனால் இக்கணக்கு மாறுவதில்லை. இறுகப் பற்றும் கிளச் அதே வெப்பத்தைக் குறுகிய நேரத்தில் வாங்கிக்கொள்கின்றது, அவ்வளவே. விற்பனை விளம்பரங்கள் இதனைக் கூறுவது அரிது.

கார்ல் பென்ஸ் 1886 இல் உரிமம் பெற்ற முச்சில்லு வாகனத்தில் கிளச் என்று தனியாக எதுவும் இருக்கவில்லை. அக்காலத் தொழிற்சாலைகளில் வழக்கிலிருந்த தோற்பட்டி முறையையே அவர் கைக்கொண்டார். தண்டுடன் பிணைக்கப்படாது வெறுமனே சுழலும் கப்பியிலிருந்து, தண்டுடன் பிணைக்கப்பட்ட கப்பிக்குப் பட்டியை நகர்த்தினால் வாகனம் புறப்படும். இரண்டாண்டுகளின் பின், 1888 ஆகஸ்டில், அவருடைய மனைவி பேர்த்தா பென்ஸ் மன்ஹைமிலிருந்து போட்ஸ்ஹைம் வரை அத்தகைய வாகனத்தைச் செலுத்திச் சென்றபோது, தேய்ந்துபோன தடுப்புக் கட்டைகளின்மீது வழியிலிருந்த சப்பாத்துத் தைப்பவரைக் கொண்டு தோல் அடிப்பித்தார் என்பது பலரறிந்த செய்தி. உராய்வுப் பட்டையின் வரலாறு இவ்வாறு செருப்புத் தோலிலிருந்தே தொடங்குகின்றது.

அடுத்த கால் நூற்றாண்டுக் காலம் தோலே ஆட்சி செலுத்தியது. பாரமான பிளைவீல் சில்லின் உட்புறம் கூம்பு வடிவாகக் குடையப்பட்டிருக்கும். அதனுள் பொருந்தும் இன்னொரு கூம்பின் புறத்தே தோல் போர்த்தப்பட்டிருக்கும். ஒரு வில் இரண்டையும் நெருக்கிப் பிடிக்கும். ஆப்பு இறுகுவது போலக் கூம்பு இறுகுவதால் சிறிய வில்லே பெரிய பற்றைத் தந்தது. இம்முறையின் நன்மை அதுவே, தீமையும் அதுவே. தோல் உலர்ந்தால் கிளச் நழுவாது திடீரெனப் பிடிக்கும். கார் துள்ளிப் பாயும். தோலை மென்மையாக்க ஆமணக்கெண்ணெயோ கால்நடைக் குளம்பிலிருந்து வடித்த எண்ணெயோ தடவினர். எண்ணெய் மிகுந்துவிட்டாலோ, எந்திரத்து எண்ணெய் கசிந்து சேர்ந்தாலோ, கிளச் பற்றவே மாட்டாது. அப்போது எண்ணெயை உறிஞ்சும் களிமண் தூளை அதன்மேல் தூவினர். அக்காலச் சாரதிக்கு இவையெல்லாம் அன்றாடக் கடமைகள். குதிரைக்குப் புல்லும் கொள்ளும் இட்ட கை, கிளச்சுக்கு எண்ணெயும் மண்ணும் இட்டது. கிளச்சுடன் வாழ்தல் என்பது அதன் குணத்தை அறிந்து அதற்கேற்ப நடத்தலே என்னும் நிலை அன்றே ஏற்பட்டுவிட்டது.

தோலுக்கு மாற்றுத் தேடியோர் பலர். மேர்சிடிஸ் கார்களில் சுருள் உருக்குப் பட்டி தண்டை இறுக்கும் முறையொன்று சில காலம் பயன்பட்டது. இங்கிலாந்தில் பேராசிரியர் ஹீல்-ஷோ, பள்ளம் வெட்டப்பட்ட பல உலோகத் தட்டுகளை எண்ணெயில் அமிழ்த்திச் செய்த கிளச் மென்மையிற் சிறந்து விளங்கியது. ஆனால் குளிர் காலையில் எண்ணெய் தடித்துவிட்டால் இவ்வகைத் தட்டுகள் விடமாட்டா. எதிர்காலம், பிரான்சிலே டி டியோன்-பூட்டோன் முதலியோர் கையாண்ட உலர்ந்த ஒற்றைத் தட்டுக்கே உரியதாயிற்று. அதற்குத் தேவைப்பட்டது வெப்பத்தைத் தாங்கும் பட்டையொன்று.

அப்பட்டையின் கதை இங்கிலாந்தின் டார்பிசயர் மலைநாட்டிலிருந்து வருகின்றது. ஹேர்பேட் புரூட் என்பவர், அங்குள்ள குதிரை வண்டிக்காரர் இறக்கத்தில் வண்டியைத் தடுக்கப் பழைய சப்பாத்துகளைக் கட்டையில் மாட்டியிருப்பதைக் கண்டு, அதனினும் நல்ல பட்டை செய்யலாமெனக் கருதி 1897 இல் தொழிலைத் தொடங்கினார். அவருடைய பெயரின் எழுத்துகளை மாற்றி வைத்து, மனைவி எலிசபெத்தின் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து உருவாக்கப்பட்டதே ‘பெரோடோ’ என்னும் வணிகப் பெயர். முதலிற் பிசினூட்டிய பருத்தித் துணியே பயன்பட்டது. பருத்தி கருகியது. 1908 அளவில் அவர் கல்நாருக்கு மாறினார். கல்நார் நூலைப் பித்தளைக் கம்பியுடன் சேர்த்து நெய்து பிசினூட்டிச் செய்த பட்டை, தோல் கருகிச் சாம்பலாகும் வெப்பத்திலும் பற்றியது. அத்திலாந்திக்கின் மறுகரையில் றேபெஸ்ரோஸ் முதலிய நிறுவனங்களும் இதே வழியிற் சென்றன. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு உலகின் கிளச்சுகள் கல்நாராலேயே பற்றின.

இப்பற்றின் விலையைச் சாரதி கொடுக்கவில்லை. லங்காசயரின் றொச்டேல் நகரில் கல்நார் நூற்கும் ஆலையொன்றிற் பணிபுரிந்த நெல்லி கேர்ஷோ என்னும் பெண் 1924 இல், முப்பத்துமூன்றாவது வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் டபிள்யூ. ஈ. குக் அதனுள்ளே கல்நார்த் துகள்களைக் கண்டு, அதே ஆண்டில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் அதனை வெளியிட்டார். கல்நாரால் நேர்ந்த மரணமென மருத்துவ ஏடுகளில் விரிவாகப் பதிவான முதல் நிகழ்ச்சியாக இது கொள்ளப்படுகின்றது. நட்டஈடு கோரியபோது ஆலை அதனை மறுத்தது. 1930 இல் மெரிவெதரும் பிறைசும் அரசுக்கு அளித்த அறிக்கையும், 1931 இன் கல்நார்த் தொழில் ஒழுங்குவிதிகளும் இதன்பின் வந்தவை. கிளச்சின் உராய்வுப் பட்டை இவ்வாறான ஆலைகளின் நூலிலிருந்தே நெய்யப்பட்டது. பந்தயக் கார்களின் வெற்றிகளைப் பட்டியலிடும் நூல்கள் றொச்டேலைப் பற்றிப் பேசுவதில்லை. பேசியிருக்க வேண்டும்.

ஒற்றைத் தட்டுக் கிளச் நிலைபெற்ற பின்னர் அதன் வலிமையைக் கணக்கிடுதல் எளிதாயிற்று. கிளச் கடத்தக்கூடிய முறுக்கம் நான்கு காரணிகளின் பெருக்கமாகும்: அமுக்கத்தட்டு நெருக்கும் விசை, பட்டையின் உராய்வுக் குணகம், பட்டையின் சராசரி ஆரை, உராயும் முகங்களின் எண்ணிக்கை. 5,000 நியூற்றன் விசையும், 0.3 என்னும் குணகமும், 10 சென்ரிமீற்றர் ஆரையும், இரண்டு முகங்களும் உள்ள கிளச் 300 நியூற்றன் மீற்றர் முறுக்கத்தைத் தாங்கும். எந்திரத்தின் முறுக்கம் அதனை விஞ்சினால் கிளச் நழுவும். எந்திரத்தின் வலுவைக் கூட்டியவருக்கு இந்நான்கில் ஒன்றையேனும் கூட்டுவதைவிட வேறு வழியில்லை. கிளச் வணிகத்தில் இன்றுவரை விற்கப்பட்ட அத்தனை பண்டமும் இந்நான்கு வழிகளின் கலப்பேயன்றி ஐந்தாவது வழியொன்றை எவரும் கண்டாரில்லை. ஆரையைக் கூட்டுதல் எல்லாவற்றிலும் தீயது. ஒரே தடிப்புள்ள தட்டின் சுழற்சித் தடை ஆரையின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடுவதால், கியர் மாற்றும் வேளையில் தட்டு நிற்க மறுக்கும். ஏனைய மூன்றுக்கும் உரிய விலைகள் பின்னர் நோக்கப்படும்.

இக்கணக்கைத் தம் கைகளாற் கற்றோர் கலிபோர்ணியாவின் இளைஞர்களே. ஹென்றி போட் 1932 இல் வெளியிட்ட எட்டு உருளை எந்திரம் 65 குதிரை வலு மட்டுமே உடையது, ஆனால் மலிவானது. பழைய கார்களை மலிவாக வாங்கி, தேவையற்ற தகடுகளைக் கழற்றி எறிந்து, இவ்வெந்திரத்தைப் பொருத்தி, லொஸ் ஏஞ்சலிசுக்கு வடக்கேயுள்ள மியூரொக், எல் மிராஜ் ஆகிய வற்றிய ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தனர். 1937 இல் தென் கலிபோர்ணிய நேரக்கணிப்புச் சங்கம் தோன்றியது. போர் முடிந்து திரும்பியோரிடம் பணமும் பொறித்தொழில் அனுபவமும் இருந்தன. 1948 ஜனவரியில் ‘ஹொட் றொட்’ சஞ்சிகையும், 1949 இல் யூட்டாவின் பொனவில் உப்புவெளியில் வேக வாரமும், 1950 இல் சாந்தா ஆனா விமானத் தளத்தில் ஒழுங்கான டிராக் பந்தயமும் தொடங்கின. 1951 இல் வொலி பாக்ஸ் தேசிய ஹொட் றொட் சங்கத்தை நிறுவினார்.

ஏரிப் படுகையில் கிளச் பெரிய இடையூறாக இருக்கவில்லை. அங்கு மெதுவாகப் புறப்பட்டு, மைல் கணக்கில் வேகத்தைக் கூட்டிச் செல்லலாம். டிராக் பந்தயம் வேறு வகையானது. நின்ற நிலையிலிருந்து கால் மைல், அதாவது 402 மீற்றர், தூரத்தைக் கடக்கும் பந்தயத்தில் முதற் கணமே முடிவைத் தீர்மானிக்கும். அம்முதற் கணம் முற்றாகக் கிளச்சின் கையிலுள்ளது. போட் கார்களில் இருந்த ‘லோங்’ வகைக் கிளச்சுக்கு அங்கே ஒரு தனிமதிப்பு உண்டாயிற்று. அதன் நெம்புகோல்களின் முனையிலுள்ள சிறு பாரங்கள், சுழற்சி மிக மிக மையநீக்க விசையினால் வெளியே விலகி, அமுக்கத்தட்டை மேலும் நெருக்கும். மெதுவாகச் சுழலும்போது மிதி இலேசாக இருக்கும். வேகமாகச் சுழலும்போது பற்று மிகும். வில்லைத் தனியாகவும் பாரங்களைத் தனியாகவும் மாற்றி அமைக்கலாம் என்பதைப் பந்தயகாரர் விரைவிற் கண்டுகொண்டனர். ஏரிப் படுகைகளில் ஓட்டியவரான பவுல் ஷீபர் அலுமினியப் பிளைவீல்களையும் பந்தயக் கிளச்சுகளையும் செய்து விற்கத் தொடங்கினார். தொழிற்சாலைக் கிளச்சுக்கு மாற்றாக வேறொருவர் செய்த கிளச்சைக் கடையில் வாங்கிப் பொருத்தும் வழக்கம் இவ்வாறான சிறு பட்டறைகளிலிருந்தே வணிகமாயிற்று.

இலேசான பிளைவீலை விரும்பியதற்கு வேகம் மாத்திரம் காரணமன்று. வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்குமளவுக்கு இழுவையைத் தாங்காது. சுழலும் சில்லின் ஒவ்வொரு துணுக்கும் வெளியே பாய முயல்கின்றது. அவ்விழுவை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கெனச் செய்யப்பட்ட சில்லை 6,000 சுற்றில் ஓட்டினால் இழுவை நான்கு மடங்காகும். நழுவலின் வெப்பத்தில் மேற்பரப்பு வெடிப்புற்றிருந்தால் அச்சில்லு ஒருநாள் சிதறும். சிதறியபோது அதன் துண்டுகள் கிளச் மூடியையும் காரின் அடித்தளத்தையும் துளைத்துச் சென்றன. சாரதியின் கால்கள் இருந்த இடமும் அதுவே. 1950களிலும் 1960களிலும் அமெரிக்கப் பந்தயப் பாதைகளில் இவ்வாறான விபத்துகள் பல நேர்ந்தன. பந்தயச் சங்கங்கள் கிளச்சைச் சூழ உருக்குக் கவசம் வேண்டுமென விதித்தன. முதலிற் பந்தயகாரர் கையிற் கிடைத்த உருக்குத் தகட்டை ஒட்டி அமைத்தனர். பின்னர் பந்தயகாரரான ஜோ ஷுபெக்கின் லேக்வூட் நிறுவனம் போன்றவை ஒரே தகட்டை நீரமுக்கத்தால் வடிவாக்கி மூடி செய்தன. 1963 இல் வேக உபகரண உற்பத்தியாளர் ஒன்றுகூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அதன் வழியில் வளர்ந்த தரநிர்ணய அமைப்பின் விதிகளில் ‘1.1’ என இலக்கமிடப்பட்டது பிளைவீலையும் கிளச்சையும் பற்றியதாகும். இன்றும் பந்தயக் கிளச்சின் மூடியில் அவ்விலக்கம் பொறித்த முத்திரையைக் காணலாம். வாங்குவோரிற் பலர் அதனை விளம்பரமென எண்ணி விடுகின்றனர். அதன் பின்னாலுள்ள கால்களை எண்ணுவோர் சிலரே.

1970 மார்ச் 8 ஆம் நாள் கலிபோர்ணியாவின் லயன்ஸ் பந்தயப் பாதையில் டொன் கார்லிற்ஸ் புறப்பட்ட கணத்தில் அவர் தாமே வடிவமைத்த கியர்த் தொகுதி வெடித்தது. கார் இரண்டாக முறிந்தது. அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டாயிற்று. எந்திரம் முன்னாலும் சாரதி பின்சில்லு அச்சுக்கும் பின்னாலும் அமர்ந்த அக்கால வடிவத்தில், சுழலும் உறுப்புகள் யாவும் சாரதியின் கால்களுக்கிடையே இருந்தன. மருத்துவமனையிற் படுத்திருந்தபடியே அவர் எந்திரத்தைச் சாரதியின் பின்னால் வைக்கும் காரைச் சிந்தித்தார். 1971 இல் பொமோனாவில் நடைபெற்ற குளிர்காலத் தேசியப் பந்தயத்தில் அத்தகைய காரிலேயே வெற்றி பெற்றார். சில ஆண்டுகளுள் அவ்வகுப்பின் ஏனைய கார்களும் அவ்வடிவத்தையே ஏற்றன.

இக்காலத்தின் மற்றொரு கண்டுபிடிப்பு சிந்தனைக்குரியது. அதுவரை பந்தயகாரர் யாவரும் நழுவாத கிளச்சையே தேடினர். அது கிடைத்தபோது சில்லுகள் நழுவின. கிளச்சும் ரயரும் ஒரே சங்கிலியின் இரு உராய்வுப் பிணைப்புகள்; இரண்டில் எது வலிமை குன்றியதோ அதுவே நழுவும். கிளச் முற்றாகப் பற்றினால் ரயர் கால் மைல் முழுவதும் புகைந்துகொண்டு செல்லும். ரயர் அகன்று மென்மையாகி வீதியை இறுகப் பற்றத் தொடங்கியதும், இடையிலுள்ள அச்சுகள் முறிந்தன. 1960களின் பிற்பகுதியில், கிளச்சையே அளவறிந்து நழுவவிட்டால் ரயர் வீதியை விட்டுக்கொடாது என்பது உணரப்பட்டது. தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டி, நெம்புகோற் பாரங்களைக் கிராம் கணக்கிற் கூட்டியும் குறைத்தும், ஓட்டத்தின் பெரும் பகுதியில் நழுவும் கிளச்சை அமைத்தனர். நழுவாமையைத் தேடிப் புறப்பட்ட வரலாறு நழுவலிடமே திரும்பி வந்தது. வேகமாகப் புறப்படும் காரின் கிளச், நழுவத் தெரிந்த கிளச்சே.

வீதியில் ஓடும் கார்களிடையே நிகழ்ந்த மாற்றங்கள் இத்துணை ஆரவாரமின்றி வந்தன. பல சுருள்வில்களுக்குப் பதிலாகக் கிண்ணம் போன்று வளைந்த ஒற்றைத் தட்டுவில்லை ஜெனரல் மோட்டர்ஸ் 1930களின் பிற்பகுதியில் கொணர்ந்தது. சுருள்வில் கிளச்சில் பட்டை தேயத் தேய நெருக்கும் விசை குறையும். தட்டுவில்லில் அது முதலிற் சற்றுக் கூடிப் பின்னரே குறையும். மிதியை அழுத்தத் தொடங்கிய பின் பாரமும் தளரும். 1960களுக்குப் பின் ஏறத்தாழ எல்லாக் கார்களும் இதனையே ஏற்றன.

கல்நாரின் காலமும் முடிவுக்கு வந்தது. டியூபொன்ற் நிறுவனத்தில் ஸ்ரெபனி குவொலெக் 1965 இல் கண்டறிந்த, பின்னர் கெவ்லார் எனப் பெயர்பெற்ற இழை அதற்கு மாற்றானவற்றுள் ஒன்று. பிரித்தானியா நீலக் கல்நாரையும் கபிலக் கல்நாரையும் 1985 இலும், வெள்ளைக் கல்நாரை 1999 இலும் தடை செய்தது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1989 இல் விதித்த தடையை 1991 இல் நீதிமன்றம் பெரும்பாலும் நீக்கியது. வெள்ளைக் கல்நார் மீதான தடை அங்கு 2024 இலேதான் மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில், கிளச் மூடிக்குள் படிந்திருந்த கறுப்புத் தூளைக் காற்றடித்துப் போக்கிய திருத்துநரும், விடுமுறை நாளில் வீட்டு முற்றத்திலேயே கிளச் மாற்றிய இளைஞரும் எதனைச் சுவாசித்தனர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பழைய கார்களைத் திறப்போர் அத்தூளை நனைத்துத் துடைக்க வேண்டுமேயன்றி ஊதுதல் ஆகாது.

இன்று தமது காரின் எந்திர வலுவைக் கூட்டிய ஒருவர் கிளச் தேடிக் கடைக்குச் செல்கின்றார் எனக் கொள்வோம். அவர் முன் ‘ஸ்ரேஜ்’ 1, 2, 3 என இலக்கமிட்ட பெட்டிகள் வைக்கப்படும். இவ்விலக்கங்களுக்குப் பொதுவான வரையறை எதுவுமில்லை. ஒரு நிறுவனத்தின் இரண்டு, இன்னொன்றின் மூன்றாகலாம். அவர் கேட்க வேண்டியது, அக்கிளச் எத்தனை நியூற்றன் மீற்றர் முறுக்கத்தைத் தாங்கும், நால்வழிகளில் எதனைக் கூட்டி அவ்வலிமை பெறப்பட்டது என்னும் இரண்டையுமே.

நெருக்கும் விசையைக் கூட்டியிருந்தால் விலையைக் காலும் எந்திரமும் கொடுக்கும். முன் கண்ட கணக்கில் 5,000 நியூற்றனை 7,500 ஆக்கினால் தாங்கும் முறுக்கம் 450 ஆகும்; மிதியின் பாரமும் ஏறத்தாழ அவ்விகிதத்திற் கூடும். நெரிசலில் ஊர்ந்து செல்லும் மாலை வேளையில் இடது கால் அதனை அறியும். கால் அறியாத ஒன்றும் உண்டு. சாதாரண அமைப்பில் மிதியை அழுத்துந்தோறும் அவ்விசை எந்திரத்தின் கிராங் தண்டை முன்னே தள்ளுகின்றது. அதனைத் தாங்கும் பெயாரிங் தேய்ந்தால் எந்திரத்தையே பிரிக்க நேரிடும். சைகை விளக்கில் மிதியை அழுத்தியபடி காத்திராமல் கியரை விடுவித்துக் காலை எடுத்துவிட வேண்டும் என்பது இத்தகைய கிளச்சுடன் வாழ்வோரின் முதற் பாடம்.

உராய்வுக் குணகத்தைக் கூட்டியிருந்தால் விலையை மென்மை கொடுக்கும். பிசினும் இழையும் கலந்த சாதாரணப் பட்டையின் குணகம் 0.3 அளவினது, உலோகத் தூளையும் செரமிக்கையும் அழுத்திச் சுட்ட வில்லைகளின் குணகம் அதனிலும் உயர்ந்தது, அவை வெப்பத்தையும் நன்கு தாங்கும். ஆனால் மூன்று, நான்கு, ஆறு வில்லைகள் மட்டும் பதித்த தட்டு, மிதியின் மிகக் குறுகிய எல்லைக்குள் திடீரெனப் பற்றும். ஏற்றத்தில் புறப்படும்போதும் பின்னோக்கி நகர்த்தும்போதும் கார் நடுங்கும்; பிளைவீலின் முகமும் விரைந்து தேயும். கெவ்லார் பட்டை மென்மையானது. அதற்குப் பொறுமை வேண்டும். அமைதியான நகர ஓட்டத்தில் 500 மைல் வரை பழக்கிய பின்னரே முழுப் பற்றைத் தரும். ஒருமுறை அளவுமீறிச் சூடேறினால் மேற்பரப்பு பளிங்குபோலாகிப் பழைய பற்று மீள்வதில்லை. புதுக் கிளச் பொருத்திய அன்றே அதன் வலிமையைச் சோதிக்க விரும்புவோருக்கு இது ஏற்றதன்று.

முகங்களின் எண்ணிக்கையைக் கூட்டுதல் செலவு மிக்க வழி. ஆயினும் மேலான வழி அதுவே எனலாம். இரு தட்டுகள் இருப்பின் அதே வில்லுடன் 300 நியூற்றன் மீற்றர் 600 ஆகும், மிதி கனப்பதில்லை. நிசான் நிறுவனம் 1989 இல் வெளியிட்ட ஸ்கைலைன் ஜி. ரி. ஆர். கார் இதற்கு நல்ல சான்று. தொழிற்சாலைக் கணக்கில் 280 குதிரை வலுவுடைய அதன் எந்திரத்தை யப்பானியப் பட்டறைகள் இரு மடங்குக்கும் மேலாக உயர்த்தின. அவ்வலுவுக்கு எக்செடி, ஓ. எஸ். கிக்கென் முதலியோரின் இரு தட்டு, முத்தட்டுக் கிளச்சுகள் பயன்பட்டன. மிதியை அழுத்தியவுடன் இடைத்தட்டுகள் கலகலவென ஒலிக்கும்; அது பழுதன்று. அதே காரில் தொடக்கத்தில் தள்ளி விடுவிக்கும் கிளச்சும், 1993 முதல் இழுத்து விடுவிக்கும் கிளச்சும் பொருத்தப்பட்டமையால், ஆண்டறியாது வாங்கியவர் பொருந்தாத பண்டத்துடன் வீடு திரும்பினார்.

தட்டின் நடுவிலுள்ள சிறு சுருள்வில்களையும் எளிதாக எண்ணலாகாது. எந்திரத்தின் துடிப்பைக் கியர்ப்பெட்டிக்குச் செல்லாமல் அவை தணிக்கின்றன. பந்தயத் தட்டுகள் பலவற்றில் அவை இல்லை. அங்கு ஒவ்வொரு பற்றும் சம்மட்டி அடியாகக் கியர்ப் பற்களில் விழுகின்றது. 1985 முதல் வழக்குக்கு வந்த இரட்டைத் திணிவுப் பிளைவீல்களை எடுத்துவிட்டு இலேசான ஒற்றைப் பிளைவீலைப் பொருத்தியோரும் இதனைக் காதால் அறிவர்: நின்ற நிலையில் கியர்ப்பெட்டி ஓயாது சலசலக்கும். இன்னொன்றும் உண்டு. தொழிற்சாலைக் கிளச் நழுவியபோது அது தன்னைத் தேய்த்து ஏனைய உறுப்புகளைக் காத்தது. நழுவாத கிளச்சைப் பொருத்தியவருக்கு அடுத்து முறிவது கியர்ப்பெட்டி. அதனை வலுப்படுத்தினால் அடுத்தது அச்சு. சங்கிலியின் மெலிந்த கண்ணி இடம் மாறுகின்றதேயன்றி இல்லாமற் போவதில்லை. ஆகையால், எந்திரத்தின் முறுக்கத்தைவிடச் சிறிதே மிகுந்த வலிமையுள்ள கிளச்சைத் தெரிந்தோர் அளவுக்கு மீறி வாங்கியோரிலும் நிம்மதியாக ஓட்டுகின்றனர்.

சர்வதேசப் போமியுலா பந்தயங்களில் 1980களில் புகுந்த கரிமத் தட்டுகள் மிகுந்த வெப்பத்தையும் தாங்குபவை. அதனால் கிளச்சின் விட்டம் சிறுகச் சிறுக 10 சென்ரிமீற்றருக்கும் குறைவாகச் சுருங்கி உள்ளங்கையில் அடங்குவதாயிற்று; எந்திரத்தையும் தாழ்த்தி வைக்க முடிந்தது. வீதிச் சாரதிக்கு அதனாற் பெரும் பயனில்லை. குளிர்ந்த நிலையிற் கரிமம் நன்கு பற்றாது.

அமெரிக்காவின் டொப் பியூல் பந்தயக் கார்களில் கிளச் இன்றும் தட்டுகளின் அடுக்காகவே உள்ளது. நான்கு வினாடிகளுக்கும் குறைந்த ஓட்டத்தில் நெம்புகோல்கள் படிப்படியாக விடுவிக்கப்பட்டு, தட்டுகள் நழுவி நழுவி, ஓட்டத்தின் பிற்பகுதியிலேயே ஒன்றாக இறுகுகின்றன. கார் திரும்பி வந்ததும் திருத்துநர் மூடியைத் திறக்கின்றனர். தட்டுகள் நீலங்கரிந்து வளைந்திருக்கும். சில வேளைகளில் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். எவ்வளவு தேய்ந்ததென அளந்து குறித்துக்கொண்டு, நெம்புகோற் பாரங்களை அதற்கேற்ப மாற்றி, அடுத்த ஓட்டத்துக்கு வேறு தட்டுகளை அடுக்குகின்றனர்.